சாவி மாமா வீட்டு ஃப்ரிட்ஜ் பூட்டு

ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போடுவார்கள் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அக்கா போட்டாள். தச்சரைக் கூப்பிட்டு கதவின் ஓரத்தில் கொண்டி அடிக்கச் சொன்னாள். அவர் ஃப்ரிட்ஜையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல ஓட்டை போட்டா கேஸ் போயிடும்மா" என்றார்.

"போகாத இடமாப் பார்த்துப் போடுங்க."

கொண்டி ஏறியது. அதில் மாட்ட இரண்டு தெரு தள்ளி ஒரு கடைக்குப் போய் பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி வந்தாள். வீட்டில் பூட்டுக்கா பஞ்சம்? அக்காவின் கணவருக்குத் தொழிலே பூட்டும் சாவியும்தான். பரணில் ஒரு சாக்கு நிறையப் பூட்டு கிடந்தது. ஆனால் அவர் கை படாத பூட்டாக வேண்டும் என்பது அக்காவின் எண்ணம். கடைக்காரர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "என்னம்மா, சாவிக்காரர் வீட்லேர்ந்து வந்து எங்கிட்ட பூட்டு வாங்குறீங்க" என்று சிரித்திருக்கிறார். அக்கா சிரிக்கவில்லை.

அந்தப் பூட்டு யாருக்காக என்றால், அந்தச் சாவிக்காரருக்காகத்தான்.

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தெருவுக்கே அவர் சாவி மாமா. அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் இருக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. மாமாவின் கடை அதே சாலையில், ஒரு பெரிய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடம். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கும். மெஷின் ஓடும்போது அவை எல்லாம் சேர்ந்து லேசாக நடுங்கும். சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையை உதறினால் மடிப்புகளிலிருந்து பித்தளைத் தூள் உதிரும்.

"தங்கம் கொட்டுது பாரு, அள்ளிக்க" என்பார் அக்காவிடம்.

"அள்ளி அள்ளித்தான் இடுப்பு போச்சு" என்பாள் அவள், துடைப்பத்தோடு.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது வந்து கூப்பிட்டால் உடனே கிளம்பிவிடுவார். ஆனால் கதவுக்கு முன்னால் போய் நின்றதும் கையைக் கட்டிக்கொள்வார். "பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தரைக் கூப்பிடுங்க." வீட்டுக்காரர் கெஞ்சினாலும், மழை பெய்தாலும், உள்ளே அடுப்பில் பால் இருக்கிறது என்றாலும் அவருக்குச் சாட்சி வேண்டும். சாட்சி வந்து நின்ற பிறகுதான் பையிலிருந்து கம்பியை எடுப்பார். ஒருமுறை ஒரு காவல் அதிகாரியின் வீட்டு வாசலில் அவரையே காக்க வைத்தார். "சார், நீங்க போலீஸ்தான். ஆனா எனக்கு நீங்க சாட்சி இல்ல, பார்ட்டி" என்றார். இதை மாமாவே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"திறக்கத் தெரிஞ்சவன் மேலதான் மாப்ளே எல்லாரும் கை காட்டுவான்" என்பார் என்னிடம். "பூட்டத் தெரிஞ்சவனை எவனும் சந்தேகப்படறதில்ல."

அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தபோது யாரும் அதிரவில்லை. அவருடைய வயதில் தெருவில் பாதிப் பேருக்கு இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், பிறகு இன்சுலின் ஊசி. மாமா இனிப்புப் பிரியர். கிரீம் பிஸ்கட்டை இரண்டாகப் பிரித்து கிரீமை முதலில் நக்குகிற ஆள். ஆரம்பத்தில் ஒருநாள் அவர் சட்டைப் பையில் சாக்லேட் காகிதம் ஒன்றை அக்கா கண்டுபிடித்தாள். "ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். அந்தக் காகிதத்தை அக்கா மறக்கவே இல்லை. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அவள் அதைத்தான் ஆதாரமாக வைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் சர்க்கரை அளவு இறங்கவில்லை. ஊசி மருந்தைக் கூட்டினார்கள். அளவும் கூடியது. மறுபடி கூட்டினார்கள். விரலைக் குத்திப் பார்க்கிற அந்தச் சின்னக் கருவியில் முந்நூறு வந்தது, நானூறு வந்தது. மாமா இளைத்துக்கொண்டே போனார். தோள்பட்டையில் சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோலத் தொங்கியது. கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் தோல் கறுத்து வெல்வெட் துணி மாதிரி ஆனது. அழுக்கு என்று நினைத்து அக்கா தேங்காய் நார் போட்டுத் தேய்த்துவிட்டாள். தோல் சிவந்தது, கறுப்பு போகவில்லை. சாவி வெட்டும்போது கட்டைவிரலில் பட்ட ஒரு சின்னக் கீறல் மாதக்கணக்கில் ஆறாமல் ஈரமாகவே இருந்தது.

கிளினிக் டாக்டர் ஒருநாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "இவ்ளோ இன்சுலின் போட்டும் இறங்கலைன்னா ஒண்ணுதான் அர்த்தம். வெளியில எங்கயோ சாப்பிடுறார்."

அன்றைக்கே அக்கா கிளம்பினாள். பேக்கரிக்காரரிடம் சொன்னாள். டீ விற்கிறவரிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம், "அவர் வந்து கேட்டா ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடக் கொடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். தெரு முழுக்க மாமாவுக்கு எதிராகச் சேர்ந்துவிட்டது. அவர் நடந்து போனால் பேக்கரிக்காரர் கண்ணாடிப் பெட்டியை மூடுவதுபோல் நடிப்பார். மாமாவும் முதலில் சிரித்தார். "என்னைப் பார்த்ததும் கேக்குக்கே பயம்" என்றார்.

பிறகு ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. சர்க்கரை டப்பா, ஜாம், பழம், பிஸ்கட், தேன் எல்லாம் உள்ளே போயின. சாவி அக்காவின் இடுப்பில். அன்று சாயங்காலம் மாமா பித்தளைத் தூளோடு வந்து அந்தக் கொண்டியைப் பார்த்தார். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டையை உதறவில்லை. கிட்டே போய் பூட்டை ஒரு விரலால் லேசாகத் தூக்கி, அடியில் என்ன கம்பெனி என்று பார்த்தார். விட்டுவிட்டார்.

"நான் திங்கலைம்மா."

"உங்களால திறக்க முடியாத பூட்டுன்னு ஒண்ணு இருக்கா, சொல்லுங்க."

அவர் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றார்.

"அப்புறம் நான் எப்படி நம்புறது?"

மாமா வாசலுக்குப் போய் அங்கே சட்டையை உதறிவிட்டு வந்தார்.

பூட்டு போட்ட பிறகும் அளவு ஏறியது. அக்கா கொண்டியைச் சுற்றி வெள்ளை நூல் ஒன்று கட்டி வைத்தாள். காலையில் பார்த்தால் நூல் அப்படியே இருந்தது. "அவுத்துட்டுத் திரும்பக் கட்டியிருப்பார். கைதான் வேலை செய்யுதே" என்றாள் என்னிடம். அவள் கெட்டவள் இல்லை. அவர் செத்துப்போய்விடுவார் என்று பயந்தாள். பயந்தவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் பக்கத்திலேயே இருந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மாமா மாடிக்கு ஏறி வந்தார். பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். நான் படித்துக்கொண்டிருந்த கவிதைப் புத்தகத்தை மூடினேன்.

"மாப்ளே, ஒரு வேலை இருக்கு. சாட்சி வேணும்."

"எந்த வீடு மாமா?"

"இந்த வீடுதான்." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அன்று முழுக்க நான் அவரோடு இருந்தேன். என் கண்ணெதிரே ஊசி போட்டுக்கொண்டார். மருந்தின் அளவை நானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மற்றவர்கள் ஒரு வாரத்துக்குப் போடுகிற மருந்து அது, ஒரே வேளைக்கு. அக்கா அளந்து வைத்ததை மட்டும் சாப்பிட்டார். சட்டைப் பைகளை வெளியே இழுத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார், யானைக் காது மாதிரி. தாயம் ஆடினோம். நான் தோற்றேன். நடுவில் சிறுநீர் கழிக்கப் போனபோதுகூடக் கதவைத் திறந்தே வைத்தார்.

சாயங்காலம் விரலைக் குத்தினேன். ஐந்நூற்றுக்கு மேல்.

கருவி கெட்டுப்போயிருக்கும் என்று என் விரலைக் குத்திப் பார்த்தேன். தொண்ணூற்று எட்டு. திரும்ப அவர் விரல். அதே ஐந்நூறு. ஒரு நாள் முழுக்க ஒரு மனிதரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் வாய்க்குள் ஒன்றும் போகவில்லை. ஆனால் அவருடைய ரத்தத்தில் யாரோ மூட்டை மூட்டையாகச் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறார்கள்.

"பார்த்தியா?" என்றார் மாமா. அவருக்கு அதிர்ச்சி இல்லை. ஒருவர் பார்த்துவிட்டார் என்ற நிம்மதி மட்டும்தான்.

அக்காவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள், "நீ நடுவுல எழுந்தே போகலையா?"

"தண்ணி குடிக்கப் போனேன்."

"அப்புறம் என்ன?" கத்தி நிற்கவில்லை.

"அக்கா, தண்ணி குடிக்கிற நேரத்துல ஐந்நூறு ஏறுமா?"

கத்தி நின்றது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அங்கே படுக்க வைத்து, நரம்பு வழியாகவே இன்சுலினை ஏற்றினார்கள். இரண்டு நர்சுகள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அளவு அசையவே இல்லை. மூன்றாவது நாள் மூத்த நர்ஸ் வந்து, "ஐயா, கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொல்லி தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். மெத்தைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். என் பையையும் திறந்து பார்த்தாள். கண்ணாடி துடைக்கிற துணி இருந்தது. மாமா கட்டிலோரம் நின்றுகொண்டு, "நல்லாத் தேடும்மா. கிடைச்சா எனக்கும் பாதி கொடு" என்றார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் ஒரு பெண் டாக்டர் வந்தார். நடுத்தர வயது, அதிகம் பேசாதவர். மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மாமாவின் கழுத்தைப் பார்த்தார். காலரை இறக்கி, அந்தக் கறுப்புத் தோலை விரலால் தடவினார். அக்குளைப் பார்த்தார். மூட்டு வலி உண்டா, வாயில் புண் வருமா என்று கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் நர்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நிஜமாவே இவ்வளவு இன்சுலின் உள்ள போயிருக்கா?"

"நானே போட்டேன் மேடம்."

"சரி. தேடுறதை நிறுத்துங்க."

ரத்தம் எடுத்து எங்கேயோ வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பல நாள் ஆயிற்று. வந்த அன்று டாக்டரம்மா எங்கள் மூவரையும் தன் அறையில் உட்கார வைத்தார்.

"உடம்புக்குள்ள கிருமி வந்தா, அதைத் தேடிப் போய் ஒட்டிக்கிற புரதம் ஒண்ணு இருக்கு. ஆன்டிபாடி. நம்மைக் காப்பாத்துறதே அதுதான். இவர் உடம்புல அது ஆள் மாறிடுச்சு. இன்சுலின் போய் உட்கார வேண்டிய இடத்துல, இது போய் உட்கார்ந்துக்கிச்சு. இன்சுலின் எவ்ளோ வந்தாலும் உட்கார இடமில்ல. அதனால சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது. சதைக்கு ஒண்ணும் போய்ச் சேரலை. அதான் இவ்ளோ இளைச்சிட்டார்."

மாமா முன்னால் குனிந்தார். "சாவித் துவாரத்துல தீக்குச்சியை ஒடிச்சு விட்ட மாதிரி."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நான் நிறைய எடுத்திருக்கேன் டாக்டர். எடுக்கும்போது நமக்கே தெரிஞ்சிடும். குச்சி விட்டது பெரும்பாலும் வெளியாள் இல்ல. வீட்டு ஆளாத்தான் இருக்கும்."

"இதுவும் வீட்டு ஆள்தான்" என்றார் டாக்டரம்மா. "உங்க உடம்பே செஞ்சது."

மாமாவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அழியவும் இல்லை, வளரவும் இல்லை.

டாக்டரம்மா அவருடைய கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார். இன்சுலின் ரத்தத்தில் ஓடினால் மட்டும் போதாதாம். ரத்தக் குழாயின் உள்சுவரைத் தாண்டித்தான் சதைக்குப் போக வேண்டும். அந்தச் சுவரில் இருக்கிற செல்களிலும் இன்சுலின் உட்காரும் அதே இடங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்தால்தான் குழாய் தளர்ந்து ரத்தத்தைப் பரவ விடும். "அங்கயும் இதுவே உட்கார்ந்திருந்தா, குழாய் தளர வேண்டிய நேரத்துல தளராது. ரத்தம் போக வேண்டிய மூலைக்குப் போகாது. இந்தப் புண் ஆறாததுக்குச் சர்க்கரை ஒரு காரணம், இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்." பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாருக்கும் சர்க்கரை இதனாலன்னு நினைச்சிடாதீங்க. இது ரொம்ப அபூர்வம். என் அனுபவத்துல இவர்தான் முதல் ஆள்" என்றார்.

அக்கா கேட்டாள், "அப்போ... இவர் சாப்பிடலையா?"

"என்ன சாப்பிடலையா?"

"ஸ்வீட்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "இல்லம்மா. இவர் பட்டினி கிடந்தாலும் இது ஏறும்."

அக்கா இடுப்பில் கையை வைத்தாள். அங்கே சாவி இருந்தது. கையை எடுத்துவிட்டாள். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டேன். அப்போது அவள் முகத்தைப் பார்ப்பது சரியில்லை என்று தோன்றியது.

மருந்து வேறு. அந்த ஆன்டிபாடியைச் செய்கிற அணுக்களையே அடக்குகிற மருந்து. விட்டுவிட்டு ஏற்றினார்கள். மாதங்கள் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அக்காவிடம் தனியாக ஒன்று சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"இப்ப மலை மாதிரி இன்சுலின் போடுறோம். அடைப்பு இருக்கறதால தாங்குறார். அந்த அடைப்பு ஒருநாள் விலகும். சொல்லிட்டு விலகாது. அன்னிக்கு அதே ஊசி ஆளைச் சாய்ச்சிடும். சில பேருக்கு இந்த ஆன்டிபாடி கொஞ்சமா மிச்சம் இருக்கும்போது, அடைக்கறதை விட்டுட்டு அதுவே இன்சுலின் மாதிரி வேலை செய்யவும் ஆரம்பிச்சிடும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி அளந்து பாருங்க. வியர்த்தா, கை நடுங்கினா, பேச்சு குழறினா, யோசிக்காதீங்க. சர்க்கரையைக் கொடுங்க. குளுக்கோஸ் எப்பவும் கைக்கெட்டுற இடத்துல இருக்கட்டும்."

இத்தனை நாள் விஷம் என்று ஒளித்து வைத்ததைத்தான் இனிமேல் மருந்தாக வைத்திருக்க வேண்டும். அக்கா திரும்பத் திரும்பத் தலையாட்டினாள். வரும் வழியிலேயே குளுக்கோஸ் பொட்டலம் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பூட்டைக் கழற்றப் போனாள். மாமா நாற்காலியிலிருந்து கையை நீட்டித் தடுத்தார்.

"அது இருக்கட்டும்."

"எதுக்குங்க? அதான் டாக்டரே சொல்லிட்டாங்களே."

"டாக்டர் சொன்னாங்க. தெரு சொல்லலையே. அளவு தானா இறங்கட்டும். பூட்டு இருக்கும்போதே இறங்கட்டும். நாளைக்கு ஒருத்தன், பூட்டைக் கழட்டினப்புறம் திங்கறதை நிறுத்தினான்னு பேசக் கூடாது."

"யாரும் பேச மாட்டாங்க."

"நீயே பேசினியே."

அக்கா அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. அவர் கேட்ட ஒரே தண்டனை அதுதான் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பூட்டைத் தொங்கவிட்டாள். சாவி இடுப்பிலேயே இருந்தது. அவள் மனசு ஒரு நிலையில் இல்லை. மாத்திரைப் பை, ரிப்போர்ட், பழம், குளுக்கோஸ் என்று பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

மாமா மறுபடி கடைக்குப் போக ஆரம்பித்தார். பாதி நாள்தான். ஊசி மருந்தின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முந்நூறு வந்தபோது பேக்கரிக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கட்டைவிரல் காய்ந்தது.

அன்றைக்குக் காலையிலும் அளந்து பார்த்துத்தான் ஊசி போட்டிருக்கிறார்கள். இருநூறு சொச்சம். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குத் துணி ஏற்றுமதி செய்கிற இடத்தில் பொத்தான் சரிபார்க்கிற வேலை. நான் கடையில் ஒரு கிழவருக்கு மூக்குத் தாங்கியை வளைத்துக்கொண்டிருந்தேன். நண்பகலில் மாமாவின் போன் வந்தது.

"மாப்ளே. சாட்சிக்கு வா."

"எங்க மாமா?"

"வீட்டுக்கு. சாட்சி... இல்லாம எப்படி."

குரல் வாயில் ஏதோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு போன் வைக்கப்படவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. கிழவரின் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

கதவு திறந்திருந்தது. ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டை தண்ணீரில் நனைத்துப் பிழியாமல் போட்டதுபோல உடம்போடு ஒட்டியிருந்தது. மடியில் அவருடைய தொழில் பை. வலது கையில் வளைத்த கம்பி. பூட்டு பூட்டியபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தினார்.

"வந்துட்டியா. பார்த்துக்க. நான் இதுவரைக்கும் தொடலை."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவருக்குச் சர்க்கரை வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அது இருக்கிற இடத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். கையில் கம்பி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு திறக்கக்கூடிய பூட்டு. ஆனால் சாட்சி வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

"திறங்க மாமா. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன். திறங்க."

கம்பியைப் பூட்டுக்குக் கொண்டுபோனார். கை துள்ளியது. கம்பி துவாரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டித் தட்டி நழுவியது. ஊரில் உள்ள எல்லாக் கதவையும் திறந்த கை. கம்பி கீழே விழுந்தது. அவர் அதை ஆச்சரியமாகப் பார்த்தார், வேறு யாருடைய கையோ போல.

கருவி மேசைமேல் இருந்தது. விரலைக் குத்தினேன். நாற்பத்தொன்று.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். எத்தனை மாதமாக அந்த எண் இறங்க வேண்டும் என்று காத்திருந்தோம். சந்தோஷம் வந்த அதே மூச்சில் டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. பூட்டைப் பிடித்து இழுத்தேன். ஃப்ரிட்ஜே ஆடியது, கொண்டி அசையவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

தையல்காரம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தார். "சர்க்கரை குடுங்க. மாமாவுக்கு."

அவர் கால் மெஷின் மிதியிலேயே நின்றது. "மாமாவுக்கா? ஐயோ, உங்க அக்கா கையைப் பிடிச்சு சொல்லிட்டுப் போயிருக்காங்களே தம்பி. கேட்டா தரவே கூடாதுன்னு."

"இப்போ தரணும்."

"நீங்க சொல்றீங்க. அவங்க வந்து என்னைத்தானே..."

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசினவன் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அவர் வீட்டுச் சமையலறைக்குள் நானே போய் அலமாரியில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். பின்னால் அவரும் ஓடிவந்தார், நூல் கண்டு தரையில் உருண்டுகொண்டே வந்தது. தண்ணீரில் கலக்கினேன். பாதி தரையில் கொட்டியது. மாமாவை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். விழுங்கினார். தையல்காரம்மா அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "குடிங்க, குடிங்க, நானே தர்றேன், குடிங்க" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கண் நிலைக்கு வந்தது. தையல்காரம்மாவைப் பார்த்தார். "என்னம்மா, உங்க வீட்டுச் சர்க்கரையா. ரொம்ப இனிப்பு" என்றார்.

திரும்ப அளந்தேன். எழுபதைத் தாண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள், ஊசி போட வேண்டாம் என்றார்கள். அக்காவுக்கும் சொன்னேன். வண்டி வருவதற்குள் அவள் வந்துவிட்டாள். செருப்பு மாறிப் போட்டிருந்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று வேறு யாருடையதோ. தரையில் சர்க்கரைத் தண்ணீர், கம்பி, மாமாவின் பை. எல்லாவற்றையும் பார்த்தாள்.

"குளுக்கோஸ் கொடுத்தியா?" என்றாள் என்னிடம்.

"எங்க வச்சே அக்கா?"

அவள் கண் ஃப்ரிட்ஜுக்குப் போனது. இனிப்பு எதுவானாலும் அதற்குள் போட்டு அவள் கைக்குப் பழகியிருந்தது. உயிர் காக்க வாங்கிய பொட்டலமும் மற்ற இனிப்புகளோடு உள்ளே போய்விட்டது. பூட்டியது அவள். பூட்டு இருக்கட்டும் என்றது அவர். வைத்ததைப் பார்த்தது நான். மூன்று பேருக்கும் இது தோன்றவே இல்லை.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். கை நடுங்கி, அவளாலும் அதைத் துவாரத்தில் போட முடியவில்லை.

"இரு" என்றார் மாமா.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். தரையிலிருந்த கம்பியை எடுத்துச் சட்டையில் துடைத்தார். அக்காவைப் பார்த்தார், தையல்காரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாரும் இருக்கிறோமா என்று பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. கை இப்போது நடுங்கவில்லை. கம்பியை உள்ளே விட்டு மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். விரல் சொடுக்கியது போல ஒரு சத்தம்தான் கேட்டது. பூட்டு வாயைத் திறந்துகொண்டு தொங்கியது.

அக்கா அந்தத் திறந்த பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, நின்ற இடத்திலேயே, சர்க்கரைத் தண்ணீர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.

"இவ்ளோதான்" என்றார் மாமா.

வெளியே வண்டி வந்து நின்றது.